கரையில் ஒரு படகும் நின்றுவிடக் கூடாது

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி, நம்புதாளை, சோளியக்குடி, தேவிபட்டினம் கரைகளில் படகு வைத்துத் தொழில் செய்யும் சம்மாட்டிகளுக்கும், வள்ளக்காரர்களுக்கும், சங்க நிர்வாகிகளுக்கும் காரைக்குடியிலிருந்து என் வணக்கம்.

தடைக்காலம் பாதி கடந்துவிட்டது. கரையேறிய விசைப்படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிற சத்தமும், கலப்பத்து அடிக்கிற சுத்தியல் சத்தமும் உங்கள் ஊர்களில் விடியற்காலையிலேயே கேட்கும் மாதம் இது. வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் உங்களுக்கு நீண்ட மடல் எழுதலாமா என்று தயங்கினேன். ஜூன் பிறந்த பிறகு சொன்னால் பயன்படாத விஷயம் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இந்த மடலில் இருப்பது ஒரே வேண்டுகோள். தடை முடிந்து நீங்கள் கடலுக்குப் புறப்படும் நாளில், பழுது பார்க்க வழியில்லாத காரணத்தால் ஒரு படகுகூட உங்கள் கரையில் நின்றுவிடக் கூடாது. அதை அரசாங்கத்திடமோ வங்கியிடமோ கேட்பதற்கு முன்னால் உங்களிடம் கேட்கிறேன். அதைச் செய்து முடிக்கும் வழக்கம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தூரம் அதை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காரைக்குடியிலிருந்து உங்கள் கரைக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும். ஆனால் கடலோடு எங்களுக்குள்ள கணக்கு பழையது. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் கதவும் பர்மாத் தேக்கு. அத்தனையும் கப்பலேறி வந்தவை. அந்த வீடுகளைக் கட்டிய பணமும் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்தது. இன்றைக்கும் எங்கள் சந்தையில் விற்கும் மீன் உங்கள் கரையில் இறங்கியது. என் சொந்தக் காரணம் இன்னும் நெருக்கமானது. அப்பா காலத்திலிருந்து நாங்கள் லேத்துப் பட்டறை நடத்துகிறோம். தடைக்காலம் வந்தால் உங்கள் படகுகளில் விசிறியைச் சுழற்றும் சாப்டுகளும், அவற்றைத் தாங்கும் புஷ்களும் எங்கள் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடக்கும். அவற்றைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சைக் கேட்டே உங்கள் கரையை அறிந்தேன். பிறகு வேலை நிமித்தமாக நேரிலும் வந்து பார்த்தேன்.

கரையைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் 2001ஆம் ஆண்டு வந்தது. முதலில் 45 நாள். 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனம் பெருகட்டும் என்பதற்கான ஓய்வு இது. மீனுக்கு ஓய்வு கிடைக்கும் இந்த மாதங்களில்தான் படகுக்கு வைத்தியம். அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்ட வேண்டும். உளுத்த பலகையை மாற்ற வேண்டும். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். சுக்கான், விசிறி, சாப்டு எல்லாம் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடிக்க வேண்டும். வலையைப் பிரித்துக் கோக்க வேண்டும். மீன்வளத்துறையின் ஆய்வுக்குப் படகைத் தயாராக நிறுத்த வேண்டும். வருமானம் ஒரு பைசா இல்லாத இரண்டு மாதத்தில்தான் ஆண்டின் பெருஞ்செலவு முழுவதும் வந்து நிற்கிறது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அது வீட்டு அடுப்புக்கு உதவும். லட்சக்கணக்கில் போகும் மராமத்துச் செலவுக்கு அது எம்மாத்திரம்?

ஆகவே கடன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடிக்கிற மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். ஒரு பலகைக்கு வாங்கிய கடன் வருஷம் முழுக்க மீன் விலையில் கழியும். இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான், பக்கத்துப் படகுக்காரர் இரவல் தரும் ஒரு செயின் பிளாக்கின் மதிப்பு தெரியும். வாடகை மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் முன்பணத்தில் ஒரு துண்டு குறைகிறது.

உங்கள் கரையில் நான் பார்த்து வியந்த வேலை ஒன்று உண்டு. ஃபைபர் வள்ளத்தின் அடியில் விரிசல் விட்டால், அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து, ஈரம் போகக் காயவிட்டு, 'மேட்' என்று சொல்லும் கண்ணாடியிழை விரிப்பைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதுவரை ஒருவரே செய்யலாம். ரெசினில் ஹார்டனரை ஊற்றிக் கலக்கியதும் நிலைமை மாறிவிடும். மே மாத வெயிலில் அது டப்பாவுக்குள்ளேயே சூடேறி இறுக ஆரம்பிக்கும். கையில் இருப்பது சில நிமிஷங்கள். அதற்குள் ஒருவர் மேட்டை விரித்துப் பிடிக்க, ஒருவர் பிரஷ்ஷால் ரெசினை ஊட்ட, இன்னொருவர் உள்ளே மாட்டிய காற்றை ரோலரால் தள்ளி வெளியேற்ற வேண்டும். குமிழி உள்ளே நின்றுவிட்டால் ஒட்டு நிற்காது. அதே இடம் மறுபடி பிளக்கும். நான் பார்த்த அன்றைக்கு, வள்ளக்காரர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு யாரையும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. "கலக்கப் போறேன்" என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தார். வலை கோத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வலைக்குத் திரும்பிவிட்டார்கள். நன்றி என்று இவரும் சொல்லவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

மரப்படகில் கலப்பத்து அடிக்கும்போதும் இதே கதைதான். பலகை இடுக்கிலிருந்து பழைய நூலைத் தோண்டியெடுத்து, புதுப் பஞ்சுநூலைத் திரித்து உளியால் அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது நிதானமான வேலை. படகைத் தண்ணீரில் இறக்கினால் பலகை ஊறிப் பருத்து நூலை இறுக்கிக்கொள்ளும். அதுவரை கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும். அந்த முதல் ராத்திரி பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்திருப்பவர் பெரும்பாலும் அடுத்த படகின் சொந்தக்காரராக இருப்பார்.

பட்டறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு தடைக்காலத்தில் உங்கள் பகுதியிலிருந்து ஒருவர் சிறு லாரியில் சாப்டு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். புஷ் உட்காரும் இடம், விரலை வைத்தால் பள்ளம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் படகு அதிரும், பின்பக்கம் தண்ணீர் ஏறும், நடுக்கடலில் சாப்டே முறியவும் கூடும். வெல்டிங் வைத்து நிரப்பி, பழைய அளவுக்குக் கடைந்து, வளைவு பார்த்துத் தர வேண்டும் என்று கூலியைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

"பில்லு யாரு பேர்ல போடட்டும்ணே?"

"யாரு பேரும் வேணாம் தம்பி. இது என் போட்டோடது இல்ல. பக்கத்துல நிக்கிறவருது. மக கல்யாணத்த முடிச்சிட்டு வெறுங்கையோட உக்காந்திருக்காரு. வாய் விட்டுக் கேக்க மாட்டாரு. சாப்ட நான் செஞ்சு வாங்கியாரேன்னு சொல்லிட்டு எடுத்தாந்தேன். எவ்வளவு ஆச்சுன்னு அவரு போன் பண்ணிக் கேட்டா, பாதியச் சொல்லுங்க."

"நீங்களே இந்த மாசம் கஷ்டத்துலதானே இருப்பீங்க?"

"அவரு போட்டு போகலன்னா அஞ்சு வீட்டுல அடுப்பு எரியாது தம்பி. அதுல ஒண்ணு என் மச்சான் வீடு" என்றார். பிறகு, அந்த மச்சான் இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தன் போக்கில் சொல்லிக்கொண்டே லாரியில் ஏறினார். ஊரையும் பேரையும் எழுத மாட்டேன். அவரிடம் கொடுத்த வாக்கு அது.

உங்கள் கரையில் இப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு என்பது எனக்குத் தெரியும். என் கவலை, இந்த உதவி போய்ச் சேராத படகுகளைப் பற்றியது. உதவி என்பது பார்வை படும் தூரத்தில் இருப்பவருக்கு முதலில் போகிறது. சொந்தக்காரர், ஒரே தெரு, ஒரே பள்ளிவாசல், ஒரே கோவில், ஒரே சங்கக் கோஷ்டி என்று அது தன் பாதையைப் பிடித்துக்கொள்கிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரையின் கடைசியில் நிற்கும் படகுக்கு அது வருவதில்லை. கணவர் இறந்தபின் ஆள் வைத்துப் படகை ஓட்டும் அம்மா, ஆண்கள் கூடி நிற்கும் இடத்துக்கு வந்து யாரிடம் குரல் கொடுப்பார்? நேற்றுவரை கூலிக்குக் கடலுக்குப் போய், இந்த வருஷம் கடன் வாங்கிப் பழைய படகு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டவரை இன்னும் யாரும் சம்மாட்டி வரிசையில் சேர்த்திருக்க மாட்டார்கள். சங்கத் தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவர் கேட்கக் கூசுவார். இலங்கைக் கடற்படையிடம் படகைப் பறிகொடுத்துவிட்டு வேறொன்றில் பங்கு போட்டவர், ஏற்கெனவே எல்லோரிடமும் வாங்கியாயிற்று என்று ஒதுங்கி நிற்பார். தடை முடிகிற நாளில் கரையில் தங்கிப்போவது இவர்களுடைய படகுகள்தான். ஒரு பருவம் நின்ற படகு அடுத்த பருவத்தில் எழுவது அரிது. வெயிலில் பலகை வெடித்து, எஞ்சின் துருப்பிடித்து, கடைசியில் விறகு விலைக்குப் போகிறது.

உதவியைக் கணக்கு வைத்துச் செய்யும் ஊர்களும் உண்டு. உங்கள் கரைக்கும் எங்கள் ஊருக்கும் வடக்கே வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் இருக்கும். திரும்பச் செய்ய வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்த ஏற்பாட்டால் கிணறு வெட்டியவர்களும் கடை வைத்தவர்களும் உண்டு. உங்கள் கரை உதவிக்கு நோட்டு கிடையாது. அதுதான் அதன் அழகு, அப்படியே இருக்கட்டும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று எழுதச் சொல்ல மாட்டேன். யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதி வையுங்கள் என்கிறேன். ஊருக்கு அந்த ஒரு பட்டியல் போதும்.

நீங்கள் இதைவிடப் பெரியதைச் செய்தவர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கி, பல மூழ்கியும் போயின. மூழ்கிய படகைத் தனி ஒருவர் தூக்கிவிட முடியுமா? ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். இலங்கைக் கடற்படை பிடித்து வைத்துப் பிறகு விடுவித்த படகுகளை எடுத்துவர, இங்கிருந்து மெக்கானிக்குகளைக் கூட்டிக்கொண்டு காரைநகர் போன்ற இடங்களுக்குப் போய், அங்கேயே பழுது பார்த்து ஓட்டிவந்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஓட்டிவரவே முடியாதபடி அங்கே சிதைந்துபோன 125 படகுகளுக்குத் தமிழக அரசு விசைப்படகுக்கு 5 லட்சமும் நாட்டுப்படகுக்கு 1.5 லட்சமும் நிவாரணம் ஒதுக்கியது. மீட்க முடிந்தவற்றை மீட்டது உங்கள் ஆட்களின் கைவேலை.

மற்ற கரைகளிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, 'சிஃப்ஸ்', மீனவர்களே உறுப்பினர்களான ஊர்ச் சங்கங்களால் ஆனது. படகு கட்டும் தளம், அவுட்போர்டு மோட்டார் சர்வீஸ், உதிரிபாகம் என்று தனி ஆளால் முடியாததை அது கூட்டாகச் செய்துகாட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு உடைந்த படகுகளைச் சீர்செய்யும் வேலையிலும் இறங்கியது. ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு இவாத்தே மாநிலத்தின் ஒமோயே மீனவர் கூட்டுறவுச் சங்கம் எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. நூற்றுக்கணக்கான படகுகளில் மிஞ்சியவை மிகச் சில. மிஞ்சியவற்றையும், வெளியூர்களிலிருந்து திரட்டியவற்றையும் சங்கத்தின் பொதுப் படகுகளாக்கினார்கள். படகு தப்பியவரும் இழந்தவரும் சேர்ந்தே கடலுக்குப் போய், வருவாயைப் பகிர்ந்துகொண்டார்கள். தன் படகு தப்பித்ததை அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டு தனியே போயிருக்கலாம், அப்படிப் போகவில்லை. போயிருந்தால் அந்த ஊரில் பலர் கடலை விட்டே வெளியேறியிருப்பார்கள்.

நான் உங்களிடம் கேட்பது அவ்வளவு பெரியதில்லை. சங்கமும் ஊர்ப் பெரியவர்களும் நினைத்தால் இந்த மாதமே தொடங்கிவிடலாம்.

முதலில், சங்கத்திலிருந்து இரண்டு பேர் கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஒவ்வொரு படகிலும் என்ன வேலை பாக்கி என்று கேட்டு எழுதட்டும். உதவி வேண்டுமா என்று கேட்டால் தன்மானமுள்ளவர் வேண்டாம் என்பார். என்ன வேலை பாக்கி என்று கேட்டால் எல்லோரும் பதில் சொல்வார்கள்.

அடுத்து, பொதுச் சாமான். ஜாக்கி, செயின் பிளாக், கிரைண்டர், வெல்டிங் மிஷின், ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு எல்லாம் ஆளுக்கு ஒன்று வாங்கத் தேவையில்லை. சங்கத்துக்கு ஒரு செட் இருந்தால் முறை வைத்து எடுத்துக்கொள்ளலாம். கிரேனை ஒரே நாளில் பல படகுக்குச் சேர்த்து வரச் சொன்னால் வாடகை பிரியும். எங்கள் பக்கத்து வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கியே கோவிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். ஏலத்தில் அப்படி ஒரு சிறு தொகையைப் பருவம் முழுக்க எடுத்து வைத்தால், அடுத்த ஏப்ரலுக்குள் பலகைக்கும் ரெசினுக்கும் கைமாற்றுக் கொடுக்க ஒரு நிதி சேர்ந்துவிடும்.

மூன்றாவது, படகுத் தச்சர்களான ஓடாவிகள். கலப்பத்து தெரிந்த பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். இருப்பவர் வசதியான படகுகளிலேயே மாதம் முழுக்க மாட்டிக்கொண்டால் மற்றவர்களுக்கு ஆள் கிடைக்காது. அவருடைய நாள்களைச் சங்கமே பங்கிடட்டும். கூடவே நான்கு இளைஞர்களை அவருக்குக் கையாளாக நிறுத்துங்கள். இப்போது கற்காவிட்டால் இந்தக் கைவேலை அவரோடு போய்விடும்.

சம்மாட்டிகளே, வள்ளக்காரர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். வள்ளம் போன்ற நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. நீங்கள் கரையில் இருக்கும்போது அவர்கள் கடலில் இருக்கிறார்கள். அதனால் மராமத்துக்கென்று அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட காலம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் காற்றிலும் வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது அந்தச் சாமான்களும் ஆட்களும் அவர்களுக்குப் போகட்டும். விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டுக்கொண்டும் உரசல் தீராத கரை இது. நவம்பரில் வள்ளத்தைத் தூக்கிக் கொடுக்கும் கையோடு அந்தச் சண்டையும் கொஞ்சம் தணியும் என்று நம்புகிறேன்.

மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாக் நீரிணையின் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையில் இருப்பவர்களும் நம் மொழி பேசும் சம்மாட்டிகள். போரில் படகையும் வலையையும் இழந்து, 2009க்குப் பிறகு கடன்பட்டுக் கடலுக்குத் திரும்பியவர்கள். இரவில் விரித்த வலையை நம் பக்கத்து இழுவைமடிப் படகுகள் அறுத்துப் போகின்றன என்பது அவர்களுடைய நெடுநாள் வேதனை. உங்கள் வேதனையும் சிறியதில்லை. கைது, சிறை, பறிபோன படகு, கடலில் சுடப்பட்டு இறந்தவர்கள் என்று அதன் பட்டியல் நீளம். அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அறுந்த வலையைக் கோக்க எத்தனை நாள் ஆகும், அத்தனை நாளும் வீடு எப்படி ஓடும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? பக்கத்துப் படகுக்காரரின் சாப்டைத் தன் செலவில் கடையக் கொடுக்கும் மனசு உள்ளவர்கள், எதிர்க்கரைக்காரரின் வலைமேல் மடியை இழுக்க மனசு வருமா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும், உங்கள்மேல் உள்ள மரியாதையால் எழுதுகிறேன்.

உங்கள் படகு மராமத்தில் காரைக்குடிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் சொல்லும் 'சிக்ரி', எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அதன் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. கடல்நீர் அரிப்பை ஆராய மண்டபத்திலும் அதற்கு நிலையம் உண்டு. சாப்டிலும் சுக்கானிலும் உலோகத்தைத் தொடும்படி ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தினால் அரிப்பு முதலில் அதைத் தின்னும், இரும்பு தப்பிக்கும். இந்தச் சின்ன விஷயமே தெரியாமல் வருஷா வருஷம் சுக்கானை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்களை உங்கள் கரைக்கு அழைத்துவந்து ஒரு நாள் பேசவைக்க முயற்சி எடுக்கிறேன். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் கோடை விடுமுறையில் உங்கள் எஞ்சின் வேலையில் கையாளாக நிற்க, அவர்களுடைய ஆசிரியர்களிடம் பேசுகிறேன். என் பட்டறையைப் பொறுத்தவரை, சங்கத்தின் பட்டியலில் உள்ள படகு என்று ஒரு சீட்டு வந்தால், கூலி வாங்காமல் கடைந்து தருவேன். வெல்டிங் கம்பிக்கும் புஷ்ஷுக்கும் ஆகும் காசு மட்டும் போதும், அதுவும் பருவம் திறந்த பிறகு. எங்கள் ஊரில் மற்ற பட்டறைக்காரர்களிடமும் கேட்கிறேன்.

இன்று மாலை வேலை முடிந்ததும் கரையின் கடைசிப் படகுவரை ஒருமுறை நடந்து போங்கள். யார் படகு என்று பார்க்க வேண்டாம். என்ன வேலை பாக்கி என்று கேளுங்கள். கேட்டதைச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். ஜூன் 14க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஊர் சேர்ந்தால் எந்தப் பழுதையும் அதற்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் சாப்டுகளைக் கடையும் பட்டறைக்காரன்,
காரைக்குடி.